காரை ஏத்தி விட்ட கதை

மார்ச் முடிஞ்சு, கணக்கெல்லாம் மூடி, அப்பாடான்னு உக்காரும்போதுதான் எங்க வங்கியில ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். 2023-லயும் அப்படித்தான். போபால்ல இருந்து குவாஹாத்தி. சேதி கேட்டதும் தங்கமணி பையனோட ஸ்கூலைப் பத்திக் கேட்டாங்க. அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "நம்ம வண்டி வருமாப்பா?"

அம்மா கேட்டதுல நியாயம் இருக்கு. 2021-ல ரெண்டு மூட்டும் மாத்தினதுக்கு அப்புறம் தாழ்வான கார்ல அவங்களால குனிஞ்சு உக்கார முடியாது. ஆட்டோவும் ஆகாது. 2013-ல மதுரையில வாங்கின எங்க வேகன் ஆர்ல சீட் கொஞ்சம் உசரம். கதவைத் திறந்து, பின்னாடி திரும்பி, நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்து காலை உள்ள எடுத்துக்குவாங்க. ஆபீஸ்ல எல்லாரும் சொன்னது, "பழைய வண்டி, வித்துட்டு அங்க போய் ஒண்ணு வாங்கிக்குங்க." விலை விசாரிச்சா ரெண்டு லட்சம் கூடத் தேறலை. விக்க மனசு வரலை.

சரி, லாரியில ஏத்தி அனுப்புவோம்னு முடிவு பண்ணதுமே வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது. ஏன்னா எனக்கு முன் அனுபவம் உண்டு. கொஞ்சம் கொசுவத்தியைச் சுத்திக்கிறேன்.

2019, மதுரையில இருந்து போபால். அஞ்சு பேர்கிட்ட ரேட் கேட்டேன். மேல 26,000, கீழ 14,500. நான் பி.காம். ரெண்டு நம்பரைப் பார்த்தா சின்னதுக்குக் கீழ தானா கோடு போடுற கை. போன்ல பேசினவர் அவ்வளவு இனிமை. "முழுப் பொறுப்பும் நம்மளது சார், பத்தே நாள்ல வண்டி உங்க வாசல்ல நிக்கும்." முன்பணம் 5,000 அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எந்தக் கணக்குக்கு? யாரோ ஒருத்தரோட சேமிப்புக் கணக்குக்கு. முன்பின் தெரியாத தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீங்கன்னு எங்க கிளையில அறிவிப்பு எழுதி ஒட்டினதே நான்தான்! இதை இன்னிக்கு வரைக்கும் ஆபீஸ்ல யார்கிட்டயும் சொன்னதில்லை.

ஒரு பையன் வந்து சாவியை வாங்கிட்டு வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனான். எல்.ஆர். ரசீது கேட்டதுக்கு நாளைக்கு வாட்ஸ்அப்ல வரும்னான். பத்து நாள் ஆச்சு, இனிமையான குரல் போனை எடுக்கலை. பதினாறாவது நாள் வேற ஒரு நம்பர்ல இருந்து வேற ஒருத்தர். வண்டி நாக்பூர்ல அவர் யார்டுல நிக்குதாம். நமக்கு ரேட் சொன்னவர் வெறும் புரோக்கர், இவருக்குச் சேர வேண்டிய காசைக் கொடுக்கலையாம். 9,000 கொடுத்தாதான் நகரும்னார். சண்டை போட்டேன், கெஞ்சினேன், கடைசியில கொடுத்தேன். வேற என்ன பண்ண முடியும், வண்டி அவர்கிட்ட, சாவி அவர்கிட்ட.

இருபத்திமூணாவது நாள் வந்து சேர்ந்தது. இடது பக்கக் கதவுல நீளமா ஒரு கீறல். பின் சீட்டுக்கு அடியில குர்குரே காலிப் பாக்கெட். ஓடோமீட்டர்ல 640 கிலோமீட்டர் கூட. லாரி மேல ஏறி வந்த வண்டி எப்படிங்க 640 கிலோமீட்டர் ஓடும்? கேக்கவும் வழியில்ல, அனுப்பும்போது நான் அதைப் படம் எடுத்து வெச்சுக்கலை. அந்த நம்பர் என் மனசுல மட்டும்தான் இருந்தது.

இன்னொரு கூத்து. 'ட்ரான்சிட் இன்சூரன்ஸ்'னு வண்டி மதிப்புல 3 சதவீதம், 9,000 ரூபாய் வாங்கியிருந்தாங்க. கதவுக்கு க்ளெய்ம் கேட்டா, பாலிசின்னு ஒண்ணு எடுக்கவே இல்லை. கூட்டிப் பாருங்க: 14,500, 9,000, இன்னொரு 9,000. மொத்தம் 32,500. அதிக ரேட்னு நான் ஒதுக்கினவர் கேட்டது 26,000.

அப்புறமா உக்காந்து படிச்சப்போ ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, நம்ம காருக்கு நாமளே வருஷா வருஷம் கட்டுற விரிவான பாலிசியிலேயே, சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, விமானம் இதுல எல்லாம் ஏத்திக்கிட்டுப் போகும்போது வர்ற சேதத்துக்கும் பாதுகாப்பு இருக்கு. (மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வெச்சிருந்தா கிடையாது.) சின்னக் கீறலுக்கு அதுல கை வெச்சா நோ க்ளெய்ம் போனஸ் போயிடும், அது வேற கணக்கு. பெரிய அடின்னா அதுதான் துணை.

ரெண்டாவது, 2007-ம் வருஷத்து சாலைவழி சரக்குச் சட்டம். 2011-ல வந்த அதோட விதிகள்படி, சரக்குக்கு ஏதாச்சும் ஆனா லாரிக்காரரோட பொறுப்பு பொதுவா வாடகையில பத்து மடங்கு வரைக்கும்தான். அதுவும் நாம எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேல போகாது. அதிகப் பொறுப்பு வேணும்னா முன்கூட்டியே எழுதி, அதுக்கான கட்டணம் கட்டணும். வழக்குன்னு போகணும்னா, புக் பண்ண நாள்ல இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் கொடுத்திருக்கணும். இந்தப் பத்து மடங்கைக் கணக்குப் போட்டப்போதான் எனக்கு உறைச்சது. 14,500-க்குப் பத்து மடங்கு 1,45,000. என் வண்டி அப்போ மூணு லட்சம். வாடகையில பேரம் பேசி ஆயிரம் ஆயிரமா குறைச்சப்போ, அந்த உச்சவரம்பையும் பத்தாயிரம் பத்தாயிரமா நானே குறைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

இப்போ 2023. இந்த வாட்டி மூணு பேரை மட்டும் கேட்டேன், ரேட்டைக் கடைசியில கேட்டேன். மொதல்ல ஜி.எஸ்.டி. நம்பர். அதை ஜி.எஸ்.டி. தளத்துல போட்டா யார் பேர்ல இருக்கு, எப்போ பதிவாச்சு, உயிரோட இருக்கா ரத்தாயிடுச்சான்னு எல்லாம் காட்டும். 'இருபத்தஞ்சு வருட அனுபவம்'னு அச்சடிச்சிருந்த ஒருத்தரோட பதிவுக்கு வயசு நாலு மாசம். அவர் அவுட்.

ரெண்டாமவர் வங்கிக்காரங்களையே கரைச்சுக் குடிச்சவர். இந்திய வங்கிகள் சங்கத்தோட பட்டியல்ல இருக்கிற லாரி கம்பெனி பில்லைக் கொடுத்தாதான் எங்களுக்குச் செலவுப் பணம் பாஸாகும். "வண்டி நம்மகிட்ட அனுப்புங்க சார், பில் பட்டியல்ல இருக்கிற கம்பெனி பேர்ல வாங்கித் தர்றேன், எல்லாரும் அப்படித்தான்"னார். பில்லு ஒருத்தர், வண்டி ஒருத்தர்னா நாளைக்கு வண்டிக்கு ஒண்ணு ஆனா யாரைப் போய்க் கேக்கிறது? அது போக, வேலைக்கே உலை வைக்கிற காரியம். கும்பிடு போட்டுட்டு வந்தேன்.

மூணாமவரைப் பார்க்க ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த அவர் யார்டுக்கே போனேன். எட்டு கார் பிடிக்கிற மூடின கன்டெய்னர் லாரி ஒண்ணு நின்னுச்சு, பக்கவாட்டுல கம்பெனி பேரோட. அவர்கிட்ட நான் கேட்டது மூணு கேள்விதான். என் வண்டியை யார் ஓட்டுவாங்க, எங்கே இருந்து எங்கே வரைக்கும், வழியில வேற லாரிக்கு மாத்துவீங்களா. மனுஷன் சலிக்காம சொன்னார். "சார்ஜி, இங்க உங்க வீட்டுல இருந்து யார்டுக்கு ஒன்பது கிலோமீட்டர். அங்க யார்டுல இருந்து வீட்டுக்கு எப்படியும் பத்து இருக்கும். நடுவுல மாத்த மாட்டோம். ஆனா பத்து நாள்னு நான் சொல்ல மாட்டேன். குவாஹாத்திக்கு லோடு சீக்கிரம் சேராது, லாரி நிறையணும். பதினஞ்சுல இருந்து இருபது நாள்." கசப்பா இருந்தாலும் அந்தப் பதில்தான் என்னை உக்கார வெச்சது. ரேட் 31,000. ஆயிரம் கூடக் குறைக்கச் சொல்லலை. தங்கமணிக்கே ஆச்சரியம், காய்கறிக்காரர்கிட்ட கொத்தமல்லிக்கு மல்லுக்கு நிக்கிற ஆளு இதுன்னு.

பணம் கம்பெனி பேர்ல இருந்த நடப்புக் கணக்குக்குப் போச்சு. எல்.ஆர். கைக்கு வந்தது, அதுல வண்டியோட மதிப்பும் எழுதியிருந்தது. நாலு பக்கமும் படம் எடுத்தேன், ஓடோமீட்டரை ரெண்டு தடவை எடுத்தேன்: 61,418. பழைய கீறலைக் கூட அவர் சீட்டுல குறிச்சு ரெண்டு பேரும் கையெழுத்து. பெட்ரோல் கால் டேங்குக்கும் கீழ, உள்ளே ஒரு சாமானும் இல்லை. அம்மா டேஷ்போர்டுல வெச்சிருந்த விபூதிப் பொட்டலத்தை மட்டும் எடுக்க விடலை.

ஜான்சி, கான்பூர், கோரக்பூர், சிலிகுரின்னு கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். நாங்க விமானத்துல வந்து வாடகை வீட்டுல பால் காய்ச்சியாச்சு. அம்மா ரெண்டு வாரம் வெளிய எங்கேயும் போகலை. பதினேழாவது நாள் சாயங்காலம், நல்ல மழை, வண்டி வாசல்ல வந்து நின்னது. குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடோமீட்டரைத்தான் முதல்ல பார்த்தேன். 61,438. இருபது கிலோமீட்டர். அவர் சொன்ன கணக்குக்கு ஒண்ணே ஒண்ணு கூட.

அம்மா மெதுவா வந்து, திரும்பி, உக்காந்து, காலை உள்ள எடுத்தாங்க. விபூதிப் பொட்டலம் இருக்கான்னு பார்த்தாங்க. இருந்தது. அப்புறம் முதுகைச் சாய்ச்சுப் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சாங்க.

"எவனோ என் சீட்டுல சாஞ்சு நல்லாத் தூங்கியிருக்கான்டா. முன்னாடி இழுத்து விடு."