கம்பியின் சுருதி

ஹைதராபாத்தையும் சிகந்தராபாத்தையும் பிரிப்பதும் இணைப்பதும் ஹுஸேன் ஸாகர் ஏரிதான். குதுப்ஷாஹி சுல்தான் இப்ராஹீம் குலியின் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், மூசி நதியின் கிளையொன்றை மறித்து எழுந்தது அது. அதன் கரைமேல் மாலையில் உலாவாத தமிழ்க் குடும்பம் இவ்வூரில் இராது. ஆயினும் அந்நீரின்மேல் பாய் விரித்தோடும் சிறு படகுகளைத் தொலைவில் கண்டு திரும்புகிறோமேயன்றி, அருகே சென்றவர் நம்மில் சிலரே. சென்ற ஆடியில் ஒரு ஞாயிறன்று நம் மகளை அழைத்துக்கொண்டு நாம் சென்றோம்.

பாய்ப்படகுக்காரர்களுக்கு இங்கே மழைக்காலமே பருவம். மேல்காற்று விட்டுவிட்டு, வேகமாக வீசும். (ஏரியின் மணத்தைக் குறித்து ஒன்றும் எழுதாதிருத்தல் நலம்.) படகு கற்பிப்பவர் ஓய்வுபெற்ற படைவீரர், வேலூர்ப் பக்கத்தவர். தமிழ்க் குரல் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

படகு, என்டர்பிரைஸ் என்னும் வகை. 1956-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் என்பார் வரைந்தது, 13 அடி 3 அங்குல நீளம், நீலப் பாய், இருவர் செலுத்துவது. அதன் பாய்மரம் ஆணியடித்து நிறுத்தப்பட்டதன்று. முன்னே ஒன்று, பக்கத்திற்கு ஒன்று என மூன்று எஃகுக் கம்பிகளே அதைத் தாங்குகின்றன. பக்கக் கம்பிகளின் அடியில் ஓட்டைகள் வரிசையாக உள்ள தகடுகள் இருக்கின்றன. முளையை ஓர் ஓட்டை கீழே மாற்றினால் கம்பி குறுகும். மரம் சற்றே பின்சாய, முன் கம்பியும் விறைக்கும்.

"எவ்வளவு இறுக்க வேண்டும், தாத்தா?" என்றாள் மகள்.

"வீணை கற்கிறாயாமே, அம்மா. தந்தியை எவ்வளவு முறுக்குவாய்?"

அவள் கம்பியை விரலால் மீட்டினாள். வலப்பக்கம் ஒரு சுரம், இடப்பக்கம் வேறொரு சுரம்! முதியவர் நகைத்தார். கம்பி தளர்ந்தால் முன்பாயின் விளிம்பு வில்போல் வளைந்துவிடும். காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏற வேண்டிய படகு பக்கவாட்டில் வழுகிப் போகும். மிக இறுகினாலோ மரத்தின் அடி படகின் வயிற்றை அழுத்தி, நாளடைவில் மூட்டுகளைப் பிளக்கும். பாய்மர உச்சியிலிருந்து இரு விளிம்புகளுக்கும் கயிற்றால் அளந்து, மரம் நேர் நிற்பதை உறுதிசெய்தார். "ஓடும்போது காற்றடிக்கும் பக்கத்துக் கம்பியைப் பார்க்காதே, அது எப்படியும் விறைத்துத்தான் நிற்கும். மற்றப் பக்கத்துக் கம்பி இலேசாகத் தொய்ய வேண்டும். அதுதான் அளவு" என்றார்.

இடக்கம்பியின் முளையை மாற்றுகையில், முளை கழன்றுவிடாதபடி அதன் முனையில் மாட்டும் சிறு வளையத்தை நம் கையில் கொடுத்திருந்தார். நாமோ வேலூர்க் கோட்டையைப் பற்றி அவருடன் அளவளாவிக்கொண்டிருந்தோம்.

படகு புறப்பட்டது. நடுவில் பாறைமேல் நிற்கும் புத்தர் சிலையை நோக்கி அது விரைந்தபோது கைக்குட்டையை எடுக்கச் சட்டைப் பையில் கையிட்டோம். விரலில் தட்டுப்பட்டது அந்த வளையம்.

அக்கணத்து நம் நிலையை எழுதுவதற்கில்லை. 1990-இல் அச்சிலையை ஏற்றிச் சென்ற தெப்பம் கவிழ்ந்து உயிர்கள் மாண்டதும், 1992-இல்தான் சிலை எழும்பி நின்றதும் வேண்டாத வேளையில் நினைவுக்கு வந்தன. மிதவைச் சட்டை அணிந்திருக்கிறாள் என்று தேற்றிக்கொண்டோம். பாய்மரம் தலைமேல் விழுந்தால் அது என்ன செய்யும்? கூவினோம், காற்று நம் குரலை நம்மிடமே தள்ளியது. இடப்பக்கம் காற்று வாங்கும்வரை இழுவிசையே முளையைப் பிடித்திருக்கும். திரும்பினால்?

படகு திரும்பிற்று. இடக்கம்பி தொய்ந்தது. மரம் நின்றது. சட்டென்று மீண்டும் திரும்பி, காற்றை இடப்பக்கமே வாங்கியவாறு, பாயைத் தளரவிட்டு மெல்லக் கரை சேர்ந்தது.

தொய்வின் அளவு பார்க்கக் குனிந்த மகள், முளை பாதி வெளியே வந்திருக்கக் கண்டு, அதை உள்ளே தள்ளி விரலால் அழுத்திப் பிடித்தாளாம். நாம் வாய் திறவாமல் வளையத்தை நீட்டினோம். முதியவர் அதை மாட்டி, மேலே நாடா சுற்றினார்.

"கோட்டைக் கதையை மாலையில் பேசலாம், சார்" என்றார்.

மகள் இரு கம்பிகளையும் மறுபடி மீட்டிப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினாள். இம்முறை நாம் பேசவில்லை.