சி டிரைவ் நிறைந்த கதை

போன இதழில் நான் மழையைப் பற்றி எழுதியிருந்தேன். என் பெஞ்ச் நண்பன்கூட அதைப் படிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் இந்த முறை எங்கள் வீட்டில் நடந்த உண்மைச் சம்பவம். தயவு செய்து கடைசி வரை படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

2024 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்த வாரம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மா ராத்திரி சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர். மொத்தம் 12 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு, அதிலிருந்து கடன், வட்டி, திருப்பிக் கட்டியது, எல்லாம் எக்செல்லில் மாதத்துக்கு ஒரு ஃபைலாக ஏற்றி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்குள் ஜனவரி கணக்கு முடிய வேண்டும்.

"டேய், இங்க வா. சேவ் பண்ணினா என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது" என்றார்.

போய்ப் பார்த்தேன். டிஸ்க் ஃபுல் என்று வந்திருந்தது. மை கம்ப்யூட்டரைத் திறந்தால் சி டிரைவ் கோடு முழுக்கச் சிவப்பு. 58.5 ஜி.பி.யில் மீதி 212 எம்.பி.! நம் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தானே. (கேம் இன்ஸ்டால் பண்ணத் தெரிந்தால் கம்ப்யூட்டர் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.) "அஞ்சு நிமிஷம்மா, எழுந்திரிங்க" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கம்ப்யூட்டர் 2019-இல் செகண்ட் ஹேண்டில் 9,500 ரூபாய்க்கு வாங்கியது. ஹார்ட் டிஸ்க் 500 ஜி.பி. என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும், உள்ளே பார்த்தால் 465-தான் காட்டும். ரொம்ப நாள் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றுதான், படி வேறு. அந்த 465-ஐயும் பிரித்து சி டிரைவுக்குச் சுமார் 60 மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை டி டிரைவுக்கு விட்டிருந்தார்கள். விண்டோஸ் 10 மட்டுமே இருபது ஜி.பி.க்கு மேல் சாப்பிடும். அப்புறம் எங்கே இடம்?

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று நான் முதலில் செய்தது டி டிரைவில் இருந்த என் பாட்டு ஃபோல்டரை அழித்தது. மனசே இல்லாமல் 9 ஜி.பி. பாட்டு போனது. திரும்பப் பார்த்தால் சி டிரைவ் அதே சிவப்பு. அரிசி டிரம் நிறைந்துவிட்டது என்று பருப்பு டிரம்மைக் கொட்டின மாதிரி! போதாததற்கு, டெலீட் செய்தது ரீசைக்கிள் பின்னில்தான் கிடந்தது. பின்னைக் காலி செய்யும் வரை டி டிரைவில்கூட இடம் வரவில்லை.

அம்மா பின்னால் நின்றுகொண்டே, "அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு" என்றார்.

அந்த அவசரத்தில்தான் வினை வந்தது. சி டிரைவை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், டிஸ்க் கிளீனப்பை அழுத்தினேன். ஒரு பட்டியல் வந்தது. டெம்பரரி ஃபைல், தம்ப்நெயில், ரீசைக்கிள் பின் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் டவுன்லோட்ஸ் என்றும் ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட 2 ஜி.பி. டவுன்லோட் என்றால் நான் இறக்கின குப்பைதானே, வேறென்ன இருக்கும்? எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். ஓகே கொடுத்தேன். நிச்சயமாகவா என்று ஒரு தடவை கேட்டது. நிச்சயம் என்றேன்.

3 ஜி.பி. காலியானது. அம்மா உட்கார்ந்து சேவ் கொடுத்தார், ஆனது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து அம்மாவின் குரல் வேறு மாதிரி வந்தது. "போன மாசக் கணக்கு எங்கடா?"

குழு கணக்கின் முதல் ஃபைல் 2021 ஏப்ரலில் மெயிலில் வந்தது. இறக்கினால் டவுன்லோட்ஸில்தானே விழும். அம்மா அங்கேயே திறந்து, அங்கேயே நிரப்பி, அங்கேயே சேவ் செய்து, அடுத்த மாதத்துக்கு அதையே பேர் மாற்றி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை 33 மாதம், 33 ஃபைல். அத்தனையும் போய்விட்டது. ஜனவரி ஃபைல் மட்டும் தப்பித்தது, அதுவும் எக்செல்லில் திறந்து கிடந்ததால். ரீசைக்கிள் பின்னில் தேடினேன். டிஸ்க் கிளீனப் அழிப்பது பின்னுக்கு வராது, நேராகப் போய்விடும் என்று அப்போதுதான் தெரிந்தது. குற்றம் கம்ப்யூட்டர் மேல் இல்லை. அது கேட்டது, நான்தான் நிச்சயம் என்றேன்.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. "பன்னெண்டு பேர் காசுடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்புறம் விடியும் முன்னே எழுந்து திட்ட ஆரம்பித்தவர், நான் பஸ் ஏறும் வரை நிறுத்தவில்லை.

காலையில் கம்ப்யூட்டர் சாரிடம் போய் நின்றேன். ஒன்பதாம் வகுப்புக்கு அவர் பாடம் எடுப்பதில்லை, என்னைத் தெரியவும் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கம்ப்யூட்டர் இப்ப ஆன்ல இருக்கா?" ஆமாம், அக்கா ஏதோ பார்த்துக்கொண்டிருப்பாள் என்றேன். "உடனே வீட்டுக்கு போன் போட்டு ஆஃப் பண்ணச் சொல்லு. ரிகவரி சாஃப்ட்வேர்னு எதையும் அதுல இறக்கிடாதே" என்று தன் செல்லையே கொடுத்தார்.

ஏன் என்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது விளக்கினார். டெலீட் என்றால் ஃபைல் உடனே அழிந்துவிடாதாம். வருகைப் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவது போலத்தான். பையன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பான். புதுப் பையன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் போச்சு. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும், யாராவது வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். எங்களுடையது பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்க், அதனால் நம்பிக்கை இருக்கிறது என்றார். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. என்றால், பேரை அடித்த கொஞ்ச நேரத்திலேயே அது பெஞ்சைத் துடைத்து வைத்துவிடும். மீட்பது ரொம்பக் கஷ்டமாம்.

சார் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு கேபிள் வைத்து அவர் லேப்டாப்பில் மாட்டித் தேடினார். மூன்று மணி நேரம். அம்மா இரண்டு தடவை காபி போட்டார். 33-இல் 26 ஃபைல் திறந்தது. மீதி 7 பேர் மட்டும் இருந்தது, திறந்தால் கோளாறு. அந்த ஏழில் ஐந்து 2023-ஆம் வருடத்தவை.

யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற தொகை ஜனவரி ஃபைலிலேயே இருந்தது. ஆனால் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள், வட்டி எவ்வளவு பிடித்தோம் என்பது அந்தந்த மாதத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஒரே வழி, ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் குழு பாஸ்புக். "நீதானே அழிச்ச, நீயே போய் எழுதிட்டு வா" என்று அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டைத் தவிர்த்து 11 வீடு. இரண்டு நாள் ஏறி இறங்கினேன். சில அத்தைகள் சிரித்தார்கள். ஒரு பாட்டி பாஸ்புக்கை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார், எலி தொடாதாம். ஆனால் தெருக்கோடியில் பூக்கட்டும் அக்கா சிரிக்கவில்லை. "கணக்கு அழிஞ்சு போச்சா? அப்ப நான் கட்டினதுக்கு என்ன சாட்சி?" என்றார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்புக்கை எடுத்தார். கையில் தரவில்லை. அவரே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் காட்டினார், நான் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து அம்மா கூட்டிப் பார்த்தபோது அந்த அக்கா கணக்கு மட்டும் உதைத்தது. 2023 ஆகஸ்டில் பாஸ்புக்கில் 1,500 ரூபாய் வரவு, அம்மாவின் கையெழுத்தோடு. கம்ப்யூட்டர் பாக்கியிலோ 1,000 மட்டும்தான் கழிந்திருந்தது. மூன்று தடவை கூட்டினோம். தப்பு அம்மாவுடையதுதான். ஏற்றும்போது 1,000 என்று அடித்திருக்கிறார், அது அப்படியே மாதா மாதம் நகர்ந்து வந்துவிட்டது.

அம்மா அப்போதே சேலையை மாற்றிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஞாயிறு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லித் திருத்திக்கொண்டதாக எதிர்வீட்டு அத்தை சொன்னார். அன்றோடு எனக்குத் திட்டு நின்றது.

சரி, சி டிரைவ் ஏன் நிறைந்தது? அதைச் சொல்லவே இல்லையே!

டிஸ்க்கைத் திரும்ப மாட்டிய பிறகு, சார் விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிக் காட்டினார். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கலர் கலர் கட்டமாகக் காட்டும். பெரிய கட்டம் பெரிய ஃபைல். அதில் ஒரு மூலை முழுக்க ஒரே கலர், 21 ஜி.பி. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் எங்கள் பேர் இல்லாத இன்னொரு பேர். திறக்க அனுமதி இல்லை என்றது. கன்டினியூ அழுத்தியதும் திறந்துகொண்டது.

போட்டோக்கள். ஒன்றைத்தான் திறந்தோம். யாரோ ஒரு குழந்தைக்குக் காதுகுத்து, மாமா மடியில். கடையில் ஃபார்மட் செய்யாமலே புதிதாக ஒரு யூசர் மட்டும் போட்டு எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். பழைய வீட்டுக்காரர்களின் சாமான் உள்ளே இருக்க, ஐந்து வருடமாக நாங்கள் திண்ணையில் குடியிருந்திருக்கிறோம்.

"அடுத்ததைத் திறக்காதே" என்று சார் மூடிவிட்டார்.

டெலீட் கொடுத்தால் ஒரே நொடியில் பிரச்சினை தீர்ந்தது. அக்காவும் அதைத்தான் சொன்னாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "அந்தப் பிள்ளையோட அம்மா எங்க தேடுறாளோ" என்றார். அதனால் முழுவதையும் டி டிரைவுக்குக் காப்பி செய்து, எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு, பிறகு சி-யில் எடுத்தோம். ஹைபர்னேட்டை நிறுத்தியதில் இன்னொரு 1.6 ஜி.பி. கிடைத்தது. கோடு நீலமானது. குழு கணக்கு இப்போது டி டிரைவில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, பீரோவில் பிரிண்ட் ஒன்று.

அப்பா கடையில் இரண்டு முறை கேட்டார். பழைய பில் புத்தகம் இல்லை, யார் விற்றார்கள் என்று ஞாபகமில்லை, ஆனால் இந்த ஊர்க்காரர்தான் என்றார்கள். அந்த ஃபோல்டர் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பேர் ‘தொடாதே’.

நான் கேட்க வந்தது இதுதான். உங்கள் வீட்டில் 2019-இலோ அதற்குக் கொஞ்சம் முன்போ பழைய கம்ப்யூட்டரை விற்றீர்களா? காதுகுத்து போட்டோ காணோம் என்று வீட்டில் யாராவது சொல்வதுண்டா? அந்தக் குழந்தை இப்போது நம் பள்ளியில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாவாடையா சட்டையா, என்ன கலர், மாமா தலையில் என்ன கட்டியிருந்தார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. சரியாகச் சொல்கிறவர்களுக்குப் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன், 32 ஜி.பி. பென் டிரைவ் கொண்டு வந்தால் போதும். 11 ஆ பிரிவு, ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்ச். மதிய இடைவேளையில் இருப்பேன்.