கருவாடா... மேகமா?

குடும்பத்தோடு ஊருக்குப் போவதென்று முடிவானதும், நம் ஒவ்வொருவருக்குள்ளும் தூங்கிக்கொண்டிருக்கும் நிதி மந்திரி விழித்துக்கொள்வார். எனக்குள் இருப்பவர் ரொம்பவே சுறுசுறுப்பு. ஆபீஸில் மத்தியான நேரத்தில், மேனேஜர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எக்ஸெல்லைத் திறந்து, 'ரயில்', 'விமானம்' என்று இரண்டு பத்தி போட்டுவிடுவார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ் வேலை எங்கே ஓடும்?

எங்களுக்கு ஊர் என்றால் ராமேஸ்வரம். அம்மா பிறந்தது மண்டபத்தில். அப்பா 2019-ல் காலமானதிலிருந்து, கொரோனா வருஷம் நீங்கலாக, தை அமாவாசைக்குப் போய்விடுவோம். அக்னி தீர்த்தத்தில் முங்கி, தர்ப்பணம் கொடுத்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்தையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கி, இருபத்து மூன்றாவதாக ஜலதோஷத்தையும் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம்.

முன்பெல்லாம் யோசனையே கிடையாது. சாயங்காலம் சென்னையில் ரயில் ஏறினால் விடியலில் ராமேஸ்வரம். ஆனால் 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 1914-லிருந்து உழைத்த இரும்பு. அதுவும் எவ்வளவு உப்புக் காற்றைத்தான் தாங்கும்! வண்டிகள் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ நின்றுவிட, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்தோம். இரண்டு வருஷம் இப்படிப் போனதும், 2025 தைக்கு நிதி மந்திரி ஒரு புரட்சிகரமான முடிவெடுத்தார். விமானம்!

மலிவு டிக்கெட்தான். சென்னை டு மதுரை 2,499 ரூபாய் என்று விளம்பரம் கண்ணைச் சிமிட்டியது. நான், மனைவி, அம்மா, ஒன்பது வயசுப் பெண், நாலு வயசுப் பையன். ரயிலில் ஐந்து வயசுக்குள் டிக்கெட்டே வேண்டாம். விமானத்தில் இரண்டு வயசு தாண்டினாலே தனி சீட்டு, தனி காசு. அப்புறம் அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று ஒவ்வொரு பட்டனை அமுக்கும்போதும் தொகை ஒரு படி ஏறியது. கடைசியில், 'ஜன்னல் சீட் வேண்டுமா? 350 ரூபாய்' என்று கேட்டது.

"ஜன்னலுக்குக் காசா? கதவுக்கும் கேப்பாங்க போலிருக்கே!" என்று நான் பொங்கினேன். ஆனால் பையன் தரையில் உருண்டு புரண்டதால் அவனுக்கு மட்டும் ஒன்று வாங்கினேன். எக்ஸெல்லில் அதை 'வீண் செலவு' என்ற தலைப்பில் எழுதிவைத்தேன்.

விமானம் காலை 5.50-க்கு. எனவே ராத்திரி இரண்டே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். பெட்டி ஆளுக்குப் பதினைந்து கிலோ, கைப்பை ஏழு கிலோ என்று முதல் நாளே குளியலறைத் தராசில் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. கைப்பையில் இருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் செக்யூரிட்டியில் மாட்டியது. விதி அப்படி. அம்மா அந்தப் பாட்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விமானத்தில் ஜன்னலோரம் பையன், நடுவில் அம்மா, ஓரத்தில் மனைவி. நானும் பெண்ணும் பதினான்கு வரிசை தள்ளி. நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அம்மா கழுத்தை ஒரு தினுசாகச் சாய்த்து, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'பாவம், வாழ்க்கையில் முதல் விமானம். பயந்துபோச்சு' என்று நினைத்துக்கொண்டேன்.

பறந்தது ஒரு மணி சொச்சம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். டாக்ஸி, மானாமதுரையைத் தாண்டி ஒரு டிபன், பரமக்குடியில் ஒரு வாந்தி (பையன்), பாம்பன் ரோடு பாலத்தில் அமாவாசைக் கூட்டம் என்று லாட்ஜ் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். வீட்டு வாசலிலிருந்து லாட்ஜ் வாசல் வரை ஒன்பதரை மணி நேரம்! ரயில் ஓடும் காலத்தில் மொத்தம் பன்னிரண்டு மணி ஆகும். அதில் எட்டு மணி நேரம் தூக்கம். ஆக, இரண்டரை மணி நேரம் லாபம். ஒரு ராத்திரித் தூக்கம் நஷ்டம். காசுக் கணக்கைச் சொன்னால் உங்களுக்கும் தூக்கம் போய்விடும். டாக்ஸியெல்லாம் சேர்த்துப் போகும் வழிக்கு மட்டும் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். ஸ்லீப்பர் கிளாஸில் தலைக்குச் சுமார் நானூறு ரூபாய்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் கம்பெனி வேலையாக ஜெர்மனியில் இரண்டு வருஷம் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐரோப்பாவுல இதே கதைதான் சார்! மலிவு விமானம் இறங்குற இடத்துக்குப் பேரு ஃபிராங்ஃபர்ட்-ஹான். ஃபிராங்ஃபர்ட் ஊர் அங்கேருந்து 120 கிலோமீட்டர். பாரிஸ்-போவேன்னு ஒண்ணு. அதுக்கும் பாரிஸுக்கும் எண்பது கிலோமீட்டருக்கு மேல. டிக்கெட் மலிவு, மிச்சம் பிடிச்ச காசு பஸ்ஸுக்கும் பெட்டிக்கும் போயிடும். தனி ஆளா இருந்தா பிளேன், பிள்ளை குட்டியோட போனா ரயில்னு நாங்க சட்டமே போட்டுட்டோம்."

அந்தக் கணக்குப்படி ராமேஸ்வரத்தின் ஏர்போர்ட் மதுரை! நடுவில் உச்சிப்புளியில் ஒரு விமானத்தளம் இருக்கிறது. ஆனால் அது கடற்படையுடையது. ஊறுகாய் பாட்டிலோடு நாம் போய் இறங்க முடியாது. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்போவதாக 2025 தமிழக பட்ஜெட்டில் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும்.

யோசித்தால், எங்கள் பக்கத்துக்கு இந்த 'ரயிலா, விமானமா' புதுசே இல்லை. என் தாத்தா கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை. அந்தக் காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1947 டிசம்பரிலேயே ஏர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்க ஆரம்பித்துவிட்டது. முதலாளி விமானத்தில் போவார், கணக்குப்பிள்ளை போட் மெயிலில் போவார். எக்ஸெல்லே தேவைப்படாத காலம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்று, பயணிகளோடு ஒரு ரயிலையும் தின்றது. தனுஷ்கோடிக்கு அதோடு ரயில் போச்சு. அப்போது அம்மாவுக்கு எட்டு வயசு.

*

2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நட்டுக்குத்தலாக மேலே போய் கப்பலுக்கு வழி விடுகிறது. டி.வி.யில் பார்த்த அன்றைக்கே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"அம்மா! அடுத்த தைக்கு ரயில்தான். உனக்காகவே! பிளேன்ல நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன்ல."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "சரிய்யா" என்றார்.

பொங்கல் கூட்டமும் அமாவாசைக் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்த வருஷம். அறுபது நாள் முன்பாகத்தான் ரிசர்வேஷன். காலை எட்டு மணிக்கு நானும் மனைவியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து யுத்தம் செய்தோம். ஏ.சி. வேண்டாம் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. "ஏ.சி. பெட்டில ஜன்னல் திறக்காதே. பாலத்துல காசு போடணும். உங்க அப்பா போடாம தாண்ட மாட்டாரு."

போட் மெயில் போன பாதையிலேயே வண்டி கிளம்பியது. புளியோதரை, தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய் (யாரும் பறிக்கவில்லை!), மேல் பர்த்தில் பையனின் கும்மாளம். பத்து மணிக்கெல்லாம் அத்தனை பேரும் தூக்கம். நிதி மந்திரியும் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

மண்டபம் தாண்டும்போது அம்மா என்னை உலுக்கினார். கீழ் பர்த்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். வெளியே கும்மிருட்டு. தை மாசம், சூரியன் எழ இன்னும் நேரம் இருந்தது. உப்பு வாசனை அடித்தது. தடதடவென்று ஒரு சத்தம். தூரத்தில் இரண்டு மூன்று படகு விளக்கு. அவ்வளவுதான்! அம்மா முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுப்பதற்குள் பாம்பன் வந்துவிட்டது.

பழைய பாலத்தில் வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். காசு போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் குசலம் விசாரித்தாலும் பாலம் மிச்சம் இருக்கும். புதுப் பாலத்தில் எழுபத்தைந்து வரை போகலாம், தூக்குப் பாலத்தில் மட்டும் ஐம்பது என்று அனுமதி. இரண்டு கிலோமீட்டர் எத்தனை நிமிஷம்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா காசைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு எனக்காகச் சொல்லாத மாதிரி, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்:

"போன வருசம் மேகம் தெரியல. இந்த வருசம் கடல் தெரியல."

எனக்குத் தூக்கம் கலைந்தது. "என்னம்மா சொல்றே? பிளேன்ல நீ பயந்துக்கிட்டு..."

"யாரு பயந்தா? உன் மவன் ஜன்னல்ல தலைய சாய்ச்சு, ஏறுனதும் தூங்கிட்டான். அவன் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தே எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஒண்ணும் தெரியல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியேய்யா."

அப்பா அரசாங்க குமாஸ்தா. 1996-ல் எல்.டி.சி.யில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் எங்களை டில்லி கூட்டிப் போனார். திரும்பும் வழியில், "அடுத்த தடவை உன்னைய பிளேன்ல ஜன்னலோரம் உக்கார வைக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். அடுத்த தடவை தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ். அதற்கடுத்த தடவை வீட்டுக் கடன். அப்புறம் ரிட்டயர்மென்ட், சர்க்கரை, முட்டி வலி. இதையெல்லாம் அம்மா கோயில் பிராகாரத்தில், ஈரப் புடவையோடு, மருமகளிடம்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் இல்லை. என் ஷீட்டில் அம்மாவுக்கு வயசு, டிக்கெட், லோயர் பர்த் என்று மூன்று கட்டம் இருந்தது. 'அம்மாவுக்கு என்ன வேணும்' என்று ஒரு கட்டம் இல்லை.

அன்று ராத்திரி லாட்ஜில் மனைவி சொன்னாள்: "என்னங்க, புதன்கிழமை ரிட்டர்ன்ல நீங்களும் அத்தையும் மட்டும் பிளேன்ல போங்க. பகல் நேரமா பாருங்க. நான் பிள்ளைகளோட ரயில்ல வந்துடறேன்."

"ரெண்டையும் வச்சுக்கிட்டுத் தனியா எப்படி?"

"ரெண்டும் ஏறினதும் தூங்கிடும். ரயிலைவிட நல்ல தொட்டில் இருக்கா?"

விஷயம் தெரிந்ததும் அம்மா முகம் மலர்ந்து, உடனே வாடியும் போனது. காரணம் மண்டபத்துச் சின்னம்மா. வருஷா வருஷம் அவர் கொண்டுவரும் நெத்திலிக் கருவாடும் சீலாக் கருவாடும் இரண்டு கிலோ, ஐந்து கவர் போட்டுக் கட்டித் தயாராக வந்திருந்தது. ஐந்து கவரையும் மீறி வாசனையும் வந்திருந்தது. கொப்பரைத் தேங்காயையே பெட்டியில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் என்கிறவர்கள் விமானக்காரர்கள். இதைக் கொண்டுபோய் நீட்ட எனக்குத் தைரியம் இல்லை.

"கருவாடா, மேகமா... நீயே முடிவு பண்ணும்மா" என்றேன். இந்தத் தடவை கேட்டேன், பாருங்கள்!

அம்மா ரொம்ப யோசித்தார். மருமகள்தான் வழக்கைத் தீர்த்தாள். "கருவாடு என்கூட ரயில்ல வரட்டும் அத்தை. நீங்க மேகத்தைப் பார்த்துட்டு வாங்க."

மதுரையில் ஏறினோம். 350 ரூபாய் ஜன்னல் சீட்டில் அம்மா. விமானம் கிளம்பியது. வைகையில் தண்ணீர் இல்லை, ஆனால் கோடு தெரிந்தது. அப்புறம் வெள்ளை வெளேரென்று மேகம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாலத்தில் போடாத அந்த ஒரு ரூபாயை எடுத்தார். என் காதருகே குனிந்து, ரகசியமாகக் கேட்டார்:

"ஏய்யா, இதுல ஜன்னலைத் திறக்க முடியாதோ?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. காசைக் கண்ணில் ஒற்றி, மறுபடி முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுத உட்கார்ந்தேன். 'வீண் செலவு' தலைப்பிலிருந்து அந்த 350-ஐ வெட்டி எடுத்தேன். எந்தத் தலைப்பின் கீழ் ஒட்டுவது என்று இன்னும் தெரியவில்லை. கட்டம் காலியாகவே இருக்கிறது.

மறுநாள் காலை ஸ்டேஷனில் காத்திருந்தேன். வண்டி வந்து நின்றது. மனைவியும் பிள்ளைகளும் எந்தப் பெட்டி என்று தேடவே இல்லை, சார். மூக்கே வழி காட்டிவிட்டது!