ஒரேயொரு நாளைக் கேளுங்கள்

மனச்சோர்வு நோயால் வாடும் ஒருவரிடம் நம்மில் பலர் முதலில் கூறுவது, "அல்லாஹ் உங்களுக்கு அளித்த நிஃமத்துகளை எண்ணிப் பாருங்கள், சுக்ர் செய்யுங்கள்" என்பதாகும். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் எண்ணுவதற்கு அந்த நாட்கள் அவருடைய நினைவில் அகப்பட வேண்டுமே! இந்நோய் மறைத்துவிடுவது அவற்றைத்தான்.

1986ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்னும் உளவியலாளர்கள் இருவர், தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அது நினைவூட்டும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கூறுமாறு கேட்டனர். இனிய சொற்களுக்கு விடை தாமதமாகவே வந்தது. வந்த விடையும் பல வேளைகளில் ஒரு நாளைப் பற்றியதாக இல்லை. "வாப்பாவுடன் கடைத்தெருவுக்குப் போவதுண்டு" என்பது போலப் பொதுப்படையாக நின்றுவிட்டது. மனச்சோர்வு உடையவர்களிடமும் இதே நிலையைப் பின்வந்த ஆய்வுகள் கண்டன. நோய் தணிந்த பின்னரும் சிலரிடம் இது நீடிக்கிறது.

நம்முடன் ஓதிக்கொடுக்கும் ஹாஃபிழ் ஒருவரிடம் இதை நேரில் கண்டோம். நோயுற்றிருந்த அந்த ரமளானிலும் தராவீஹில் ஒரு ஜுஸ்உவைத் தடுமாற்றமின்றி ஓதினார். அவரிடமே மூத்த மகள் பிறந்த நாளைப் பற்றிக் கேட்டால், "எல்லோரையும் போல நாங்களும் மகிழ்ந்தோம்" என்பதோடு நிறுத்திவிடுவார். அன்று மழையா வெயிலா, குழந்தையின் காதில் பாங்கு சொன்னது யார், எதுவும் வராது. ஆயிரம் முறை ஓதிப் பதிந்தது நாவில் தானாக வரும். ஒரே ஒருமுறை நிகழ்ந்த நாளையோ தேடித்தான் எடுக்க வேண்டும். சோர்ந்த மனத்திற்கு அத்தேடலே பெருஞ்சுமை. தேடும் வழியில் "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் குறுக்கிட்டால், மனம் அதையே அசைபோட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. வலிக்கும் நினைவுகளைத் தவிர்க்கப் பழகிய மனம் நுணுக்கங்களையே தவிர்க்கப் பழகிவிடுகிறது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

"என் வாழ்வில் நல்ல நாள் என்று ஒன்றுமே இருந்ததில்லை" என்று அவர் கூறியதை நன்றிகெட்ட பேச்சு என உறவினர் சிலர் கடிந்துகொண்டனர். அவருடைய மனைவியோ, "அப்படியானால் என்னோடு வாழ்ந்த இருபது வருஷமும் ஒன்றுமில்லையா, ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டு அழுதார். அவர் பொய் சொல்லவில்லை, உங்களை வெறுக்கவுமில்லை, அந்த நாட்கள் அவர் கைக்கு எட்டவில்லை என்று விளக்க நமக்கு நெடுநேரம் ஆயிற்று.

வள்ளுஹா அத்தியாயத்தை நாம் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறோம். வஹீ சிறிது காலம் நின்றிருந்து, பகைவர்கள் ஏளனம் செய்த வேளையில் அது இறங்கியது. நபி (ஸல்) அவர்களுக்கு இறைவன் அதில் பொதுவாக ஆறுதல் கூறியதோடு நிற்கவில்லை. அநாதையாக இருந்தபோது கிடைத்த புகலிடம், வழியறியாதிருந்தபோது கிடைத்த நேர்வழி, தேவையுற்றிருந்தபோது கிடைத்த தன்னிறைவு என அவர்களுடைய சொந்த வாழ்வையே எடுத்துக்காட்டினான். (அவர்களுக்கு இந்நோய் இருந்தது என்று நாம் கூறவில்லை, நினைவூட்டப்பட்ட முறையை மட்டுமே சுட்டுகிறோம்.)

ஈரானில் வாழ்ந்த, தந்தையை இழந்த ஆப்கானிய அகதிச் சிறார் 23 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, குறிப்பிட்ட நிகழ்ச்சிகளை இடம், நேரம், விவரங்களுடன் நினைவுகூரும் பயிற்சி வாரம் ஒருமுறையாக ஐந்து அமர்வுகளில் அளிக்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்குப் பின்னர், பயிற்சி பெறாதவர்களைவிட இவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆய்வு சிறியதுதான், ஆயினும் அதன் வழி நம் வீடுகளிலும் கைக்கொள்ளத்தக்கது.

இது மருத்துவத்திற்கு மாற்று அன்று. காரணம் அறியப்பட்ட துயரத்தையும் காரணம் அறியப்படாத துயரத்தையும் வேறுபடுத்தி, பின்னதை உடலோடு தொடர்புபடுத்தி எழுதிய அபூ ஸைத் அல்பல்கீ, கி.பி. 934இல் மறைந்தவர். இன்றும் மருத்துவரிடம் போவதை ஈமானின் குறையாகப் பேசுவோர் அவரை அறியாதிருப்பது வியப்பே.

நம் ஹாஃபிழ் மருத்துவரிடம் சென்றார். மாத்திரையும் உளவியல் ஆலோசனையும் தொடர்கின்றன. சில மாதங்களுக்குப் பின் ஒரு மாலை, மகள் பிறந்த அன்று மருத்துவமனை வாசலில் செருப்பைத் தொலைத்ததைத் தாமாகவே கூறினார். "மறுநாள்வரை வெறுங்காலோடுதானே அலைந்தீர்கள்!" என்று உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. இளைய மகன் பிறந்த நாள் இன்னும் வரவில்லை. நாமும் வற்புறுத்துவதில்லை.