சோழர் படை போன வழியில்

கதக்கிலிருந்து கொப்பள் சாலையில் சுமார் 12 கிலோமீட்டரில் லக்குண்டி. கரிசல் வயல்கள் முடிகிற இடத்தில் ஊர் தொடங்குகிறது, கூடவே கோயில்களும். 'நூரொந்து குடி, நூரொந்து பாவி' என்றார் டீக்கடையில் ஒரு பெரியவர். நூற்றொரு கோயில், நூற்றொரு கிணறாம். கணக்கு எப்படியோ, தெருவுக்குத் தெரு ஒரு கல் மண்டபம் இடிந்தும் இடியாமலும் தலைகாட்டுகிறது. சந்துக்குள் நுழைந்தால் ஓட்டு வீட்டுத் திண்ணையை ஒட்டியே சாளுக்கியர் சுவர்.

காசி விஸ்வேஸ்வரர் கோயிலில் சிவனும் சூரியனும் எதிரெதிர்க் கருவறைகளில். வாசல்நிலையில்தான் கால் நின்றுவிடுகிறது. கொடி, ஆள், யாளி என்று பட்டை பட்டையாக இறங்கும் செதுக்கலில் விரல் வைக்க வெற்றிடம் இல்லை. உள்ளே தூண்களைக் கடைசல் பிடித்திருக்கிறார்கள். கழுத்து வளையங்கள் இன்னும் கூராக நிற்கின்றன. வெட்டும்போது இளகிக் கொடுக்கிற மாக்கல்லின் தயவு அது. நம் ஊர்க் கருங்கல் இந்த வேலைக்கு மசியாது.

ஊரின் மூத்த கட்டடம் சமணர்களுடையது. பிரம்ம ஜினாலயத்தை 1007இல் கட்டுவித்தவர் அத்திமப்பே. கணவர் நாகதேவர் இறந்தபின் அறப்பணிகளில் இறங்கியவர். பொன்னர் எழுதிய சாந்திபுராணத்துக்கு 1000 படிகள் எடுத்து வழங்கியவர். ரன்னர் அஜிதபுராணம் பாட ஆதரவு தந்தவரும் இவரே. அச்சு இல்லாத நாளில் ஆயிரம் படி என்றால் எத்தனை ஓலை, எத்தனை எழுத்தாணி, எத்தனை பேர் கூலி! மண்டபத்தில் நான்முகப் பிரம்மன் நிற்கிறார். சமணக் கோயிலில் அவரைப் பார்த்ததும் ஒரு கணம் இடம் மாறி வந்துவிட்டோமோ என்றிருந்தது.

1007 என்ற ஆண்டு மனத்தில் தைத்தது. தஞ்சையில் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதே ஆண்டில், அதே சாளுக்கிய நாட்டில், ஹொட்டூரில் இன்னொரு கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். ராஜராஜனின் மகன் 9 லட்சம் பேர் கொண்ட படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றான் என்கிறது அது. எதிரி எழுதியது, ஊதிப் பெருக்கியும் இருக்கலாம். ஆனால் நம் மெய்க்கீர்த்திகள் மட்டும் குறைத்தா எழுதின?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் நிற்கிறார். ராஜராஜனின் பேரன் ராஜாதிராஜன் சாளுக்கியர் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்தது என்று பீடத்திலேயே எழுதியிருக்கிறது. தாராசுரத்திலிருந்து வந்த சிலை. பள்ளிச் சுற்றுலாவில் அதை வெற்றிச் சின்னம் என்று காட்டித்தான் நமக்குப் பழக்கம். இனி காட்டும்போது ஹொட்டூர்க் கல்லையும் சேர்த்தே சொல்லவேண்டும். சோழர் பெருமை அதனால் குறைந்துவிடாது. பிள்ளைகளுக்குப் பாதிக் கதை சொன்ன பாவம் நமக்கு வேண்டாம்.