உப்பளக் கரையும் ஆர்கன் இசையும்

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம் வரும். ஊரை அணுகும்போதே காற்றின் சுவை மாறிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாய் உப்பளங்கள். கோடையில் வரப்புகள்தோறும் வெண்குவியல்கள். சென்னையைக் கடந்து தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில்தான் முடிவடைகிறது. ஒரு காலத்தில் படகுகள் உப்பையும் விறகையும் ஏற்றிக்கொண்டு இக்கால்வாய் வழியே சென்னைக்குச் சென்றன.

அச்சென்னையில் ஆங்கிலேயர் தம் ஆலயங்களுக்கென வேறொரு சரக்கைக் கடல் கடந்து வரவழைத்தனர். அதுவே ஆர்கன் எனும் குழலிசைப் பேழை. ஜார்ஜ் கோட்டையில் 1680இல் அபிஷேகம் பெற்ற புனித மரியன்னை ஆலயமும், 1816இல் அபிஷேகம் பெற்ற புனித ஜார்ஜ் பேராலயமும் ஆங்கிலிக்கன் இசைமரபு நம் மண்ணில் ஒலித்த இடங்கள். எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தில் உள்ள ஆர்கன் 1883இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்யப்பட்டது. (அவ்வாலயத்தைக் கட்டியவர் ஸ்காட்லாந்துச் சபையினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆர்கன் காற்றால் உயிர்பெறும் கருவி. துருத்தியில் அடைபட்ட காற்று, கட்டையை அழுத்தியதும் அதற்குரிய குழலுள் புகுந்து ஒலிக்கிறது. மின்சாரம் வருமுன் துருத்தியை இயக்க ஓர் ஆள் மறைவில் நின்று உழைத்தான்; அவன் கை ஓய்ந்தால் இசையும் ஓய்ந்துவிடும். வாசிப்பவருக்கோ இரு கைகளும் இரு கால்களும் போதா. கண் ஏட்டிலும், செவி பாடகர் குழுவிலும், மனம் வழிபாட்டின் போக்கிலும் இருத்தல் வேண்டும். குரு பீடத்தை அடையச் சற்றுத் தாமதமானால் அவ்விடைவெளியை அக்கணமே புனைந்த இசையால் நிரப்ப வேண்டும். அவர் வந்து நின்றதும் தடம் தெரியாமல் முடிக்க வேண்டும். குருக்களாகிய நாங்கள் இதைக் கவனிப்பதே இல்லை!

ஆங்கிலிக்கன் மரபில் நான் பெரிதும் வியப்பது சங்கீதங்களைப் பாடும் முறையே. அவர்களது மன்றாட்டு நூல் 150 சங்கீதங்களையும் காலை மாலை எனப் பிரித்து 30 நாளில் பாடி முடிக்கச் செய்கிறது. ஒரே சுரத்தின் மீது பல சொற்கள் பேச்சின் வேகத்திலேயே ஓடி, அடியின் இறுதியில் மட்டும் இசை திரும்புகிறது; நான்கு குரல்களும் அத்திருப்பத்தில் ஒன்றாய் இறங்குகின்றன. அசைக்கு ஒரு சுரம் என்ற நெறியில் 1550லேயே மெர்பெக் என்பார் வழிபாட்டுக்கு இசை அமைத்தார். சொல் விளங்க வேண்டும், இசை அதற்குப் பணிய வேண்டும் என்பதே நோக்கம். நம் திருச்சபையும் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில் குழல் ஆர்கனைப் பெரிதும் மதிக்கச் சொல்லியது. மறைபரப்பு நாடுகளில் அவ்வம்மக்களின் இசைக்கு உரிய இடம் தரவும் பணித்தது.

மரக்காணக் கரையில் குழல் ஆர்கனுக்கு வழியேது? உப்புக் காற்று ஆர்மோனியத்தின் பித்தளை ரீடுகளையே விட்டுவைப்பதில்லை. அவை பச்சை பூத்துச் சுதி பிசகுகின்றன. கருவியை மாற்றலாம். ஆனால் இன்று சில ஆலயங்களில் கைப்பேசியில் பதிந்த இசையை ஒலிபெருக்கியில் விட்டு, மக்களை அதன்பின் ஓடச் செய்கிறார்கள். இதை என்னால் ஏற்க இயலவில்லை. பதிந்த இசை யாருக்காகவும் காத்திராது. முதிய தாய்மார் ஈற்றடியை இழுத்துப் பாடினால், நல்ல வாசிப்பாளர் அவர்கள் மூச்செடுக்கும்வரை சுரத்தைத் தாங்கி நிற்பார். இரண்டு வாரம் முந்தி ஓடும் இசைக்கு முன் வாய் மூடியவர்கள் மூன்றாம் வாரம் பாட முயல்வதே இல்லை.

இக்கரையோரச் சிற்றூர் ஒன்றின் திருவிழாத் திருப்பலியில் உப்பளத் தொழிலாளியான இளைஞர் ஒருவர் கீபோர்டு வாசித்தார். உப்புநீரில் ஊறி வெடித்த விரல்கள். தாளப் பொத்தான்களை அவர் தொடவே இல்லை. காணிக்கைப் பாடலில் மக்கள் பின்தங்கியபோது தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்தார், வேகத்தைத் தணித்தார். கோயில் முழுதும் பாடிற்று. பூசை முடிந்ததும் பாராட்டச் சென்றேன். அவர் கட்டைகளை ஈரம்போகத் துடைத்து, கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“காலையில் வெயிலுக்கு முன்னே அளத்துக்குப் போகணும், சாமி. புதுப் பாட்டு சொல்லிக்கொடுக்க ராத்திரிதான் நேரம்” என்றார். பிள்ளைகள் எண்மர் வாசலில் அவருக்காகக் காத்திருந்தனர்.