வலைக்கு ஒரு பங்கு

ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்டேஷனரி கடை தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

எனக்கு உண்டு. ‘நாளைக்கு சோலார் சிஸ்டம் செஞ்சு எடுத்துட்டுப் போகணும்ப்பா’ என்று மகள் சாவகாசமாகச் சொன்னபோது மணி ஒன்பதே முக்கால். பாதி ஷட்டர் இறக்கிய கடைக்காரரிடம் கெஞ்சி தெர்மோகோல் வாங்கி வந்து, நானும் மனைவியும் விடிய விடிய அறுத்தோம், ஒட்டினோம், பெயின்ட் அடித்தோம். சனிக் கிரகத்துக்கு வளையம் மாட்டியது சாட்சாத் நானே. மகள் பாவம், பூமி காய்வதற்குள் தூங்கிவிட்டாள். மறுநாள் ‘வெரிகுட்’ வாங்கி வந்தாள். அந்த வெரிகுட் யாருக்கு என்று எனக்குத் தெரியும். அவள் டீச்சருக்கும் தெரிந்திருக்கும்.

பிள்ளைகளின் படிப்பில் பெற்றோரின் பங்கு என்று நகரத்தில் நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தெர்மோகோல் ஊழியத்தைத்தான். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ‘நோட்டட் மேம்’ என்று ஒரு கும்பிடு.

இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் சொன்னார்: ‘என் தங்கச்சி எளாவூர் பக்கம் ஒரு குப்பத்துல டீச்சரா இருக்கா. ஒரு நாள் போய்ப் பாரு. அங்கே அப்பா அம்மா வேற மாதிரி வர்றாங்க.’

சூளூர்பேட்டை ரயிலில் போயிருக்கிறீர்களா? கும்மிடிப்பூண்டியில் சிப்காட் கம்பெனி ஆட்கள் மொத்தமாக இறங்கிவிட, பெட்டி காலியாகிவிடும். அடுத்த நிலையம் எளாவூர். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எளாவூர் என்றால் செக்போஸ்ட், வரிசை கட்டி நிற்கும் லாரிகள், அவ்வளவுதான். சாலையை விட்டுக் கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் காற்றில் உப்பு ஏறுகிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு. முக்கால்வாசிக்கு மேல் ஆந்திராவில் கிடக்கிறது, தென்கோடிதான் நமக்கு. அதன் கரையோரம் ஒரு குப்பம், அதில் ஓர் ஆரம்பப் பள்ளி.

டீச்சர் முதலில் சொன்னதே தன் தப்பைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வகுப்பு. வகுத்தல் கணக்கு. ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று, ‘மூணு பேர் ஒரு படகுல போனாங்க. பன்னெண்டு மீன் கிடைச்சுது. சமமா பிரிச்சா ஆளுக்கு எத்தனை?’ என்று கேட்டிருக்கிறார். ஒரு பையன் துள்ளி எழுந்து, ‘மூணு டீச்சர்’ என்றான். தப்பு. மறுபடி யோசி. ‘மூணுதான் டீச்சர்.’ விரல் விட்டு எண்ணச் சொன்னார். எண்ணிவிட்டும் மூணு என்றான். வாய்ப்பாடு வரவில்லை, கவனம் இல்லை என்று முடிவு கட்டி, நோட்டில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் பையனின் தாத்தா வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. நோட்டை நீட்டி, ‘பையன் இன்னா தப்பு பண்ணான்?’ என்று கேட்டார். டீச்சர் கணக்கைச் சொன்னார். பெரியவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. ‘மூணு ஆளுக்கு மூணு பங்கு. வலைக்கு ஒரு பங்கு வேணாவாம்மா? கிழிஞ்சா யாரு தெக்கிறது?’

பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று. பையன் கணக்கு சரி. அந்தக் கணக்கில் வலையும் ஓர் ஆள்.

‘ஒரு நிமிஷம் எனக்குக் காது சூடாயிடுச்சு சார். அவரை அப்படியே உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சு, இதைப் பசங்களுக்குச் சொல்லுங்கன்னேன். வரமாட்டேன்னார். நான் எய்ப்பு படிச்சவன் இல்லம்மான்னார். விடலை.’

அன்றைக்கு ஆரம்பித்தது.

இப்போது வாரம் ஒரு நாள் யாராவது ஒரு வீட்டுக்காரர் வகுப்புக்கு வருகிறார். அரைமணி நேரம்தான். ஒருவர் வலைக் கண்ணை விரலால் அளப்பது எப்படி என்று காட்டுகிறார். சந்தைக்கு மீன் கொண்டுபோகும் பாட்டி, கூறு கட்டி விற்பதையும் கடைசிக் கூறில் விலையை இறக்குவதையும் சொல்கிறார் (லாப நஷ்டக் கணக்கை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை). சுவரில் நீளமாக ஒரு சார்ட். அதில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொற்கள்: மடவை, கிழங்கான், ஊடான், கொடுவா, வாடை, கொண்டல், கச்சான். பக்கத்திலேயே தெலுங்குச் சொற்களும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. எல்லையோர ஊர் அல்லவா, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தன் பாட்டியின் சொல் சார்ட்டில் ஏறியதற்கப்புறம் ஓயாமல் பேசுகிறாளாம். ‘இப்ப நிறுத்த முடியலை’ என்கிறார் டீச்சர்.

இது ஏதோ ஒரு டீச்சரின் தனி விசித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு ஆரம்பப் பள்ளி கொஞ்ச காலமாகவே இப்படித் தரையில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைக் கொண்டு வந்தார் அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் பாயில் குழுவாக உட்கார, கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அதைத் தொடங்கியதே இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். பாட்டு, பொம்மை, விளையாட்டு எல்லாம் இப்போது அரசாங்க ஆணையிலேயே இருக்கிறது.

பெற்றோரும் ஆணையில் இருக்கிறார்கள். 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். சட்டம் சொல்லிவிட்டது. ஆனால், மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் ஏரியில் இருக்கிறவர் எப்படி வருவார்? முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் தன் ஆட்டைத் தேடி வந்தவர்.

டீச்சர் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் மீன்பிடிக்கப் போகாதே என்று அறிவிப்பு வந்துவிடும். ஆண்கள் எல்லாம் கரையில்தான் இருப்பார்கள். அந்த நாள் பார்த்துக் கூட்டம்! எல்லோரும் அண்ணாந்து பார்த்து முடித்த கையோடு, ‘வாங்கண்ணே, அப்படியே பள்ளிக்கூடத்துக்கு’ என்று அழைத்துப் போய்விடுகிறார்.

அப்படி ஒரு கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து கேட்டாராம்: ‘வலை, மீனு எல்லாம் நாங்களே சொல்லிக் குடுத்துக்குவோம். அதுக்கா உங்ககிட்ட அனுப்பறோம்? நாங்க படற பாடு எங்களோட போவட்டும் டீச்சர்.’

‘பாடு’ என்பதற்கு அங்கே இன்னொரு அர்த்தமும் உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வதற்குப் பெயர் பாடு. கோர்ட்டு, போலீஸ் எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் பெண்களுக்கு அதில் பாடு இல்லை. இருளர்களுக்கும் இல்லை.

அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். ‘உங்க பையன் கப்பல் இன்ஜினீயரே ஆகட்டும். வீட்டுல தெரிஞ்சதை வெச்சுத்தானே தெரியாததுக்குப் போகணும்னேன்’ என்றார். ஒப்புக்கொண்டாரா? ‘இல்லை. ஆனா அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்.’

இதே விஷயத்தைப் பூமியின் அந்தக் கோடியில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோல் என்ற பேராசிரியரும் சக ஆய்வாளர்களும் பள்ளி ஆசிரியர்களை மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறை கண்டுபிடிக்க அல்ல, அந்த வீட்டுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கற்றுவர. மெக்சிகோ மிட்டாய் விற்கும் ஒரு பையனிடமிருந்து ஒரு வகுப்புக்கே பாடம் கிடைத்தது. ஓர் அம்மா வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். 1992-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். உலகமெங்கும் ஆசிரியர் பயிற்சியில் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

நான் போயிருந்த அன்று வந்தவர் ஓர் இருளர் பெண். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். வராண்டாவிலேயே நின்றார். நாற்காலி போட்டதும் இன்னும் ஓர் அடி பின்னால் போனார். அவர் மகள் இரண்டாம் வகுப்பு. தலையைக் குனிந்துகொண்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் எதுவும் பேசவில்லை. ஒரு வாளியில் சேறு கரைத்து, புளியங்கொட்டைகளைப் போட்டு நடுவில் வைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு யார் அதிகம் எடுப்பது என்று போட்டி. பிள்ளைகள் துழாவின. ஒன்று, இரண்டு. வராண்டாவில் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. ‘விரலை விரிக்காத கண்ணு, சேத்து வெச்சு மெதுவா’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். தரையில்தான். பாடு வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன் அவர் கைக்குப் பக்கத்திலேயே கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். மகள் நிமிர்ந்து பார்த்தது.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் ஊரில் அப்பா வைத்திருந்தது சைக்கிள் கடை. பங்க்ச்சர், கோட்டம் எடுப்பது, ஓவராயில். எப்போதும் கையில் கிரீஸ். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பரிசு கிடைத்தது. ஆண்டுவிழாவுக்கு அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். மற்ற அப்பாக்கள் எல்லாம் வேட்டி சட்டையும் வாட்ச்சுமாக வருவார்கள். ‘எங்கப்பா ஊருக்குப் போயிருக்கார் சார்’ என்று சொல்லிவிட்டேன். வீட்டில் விழாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஹெட்மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் உள்ளே ட்யூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். ‘பையன் பரிசு வாங்கினான், நீங்க ஊர்ல இல்லாமப் போயிட்டீங்களே’ என்றார். அப்பா ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். ‘ஆமாங்க சார், ஒரு சோலியா போயிட்டேன்’ என்று சொல்லி, வீலைச் சுற்றிக் கோட்டம் பார்க்க ஆரம்பித்தார். கடைசிவரை என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வகுப்பு முடியும் நேரம், ஒரு பொடியன் என்னைப் பார்த்து, ‘உங்கப்பா இன்னா வேலை சார்?’ என்றான். முறைப்படி எல்லோரையும் கேட்கிற கேள்வியாம் அது.

‘சைக்கிள் கடை’ என்றேன்.

‘அப்போ நீங்க ஒரு கணக்குச் சொல்லணும்’ என்றது மூலையிலிருந்து ஒரு குரல். டீச்சர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

யோசித்தேன். ‘சைக்கிளோட முன் சக்கரத்துல 32 கம்பி. பின் சக்கரத்துல 40. ஏன் பின்னாடி அதிகம்?’

‘மீன் பொட்டி பின்னாடிதானே இருக்கும்!’ என்று ஒருவன் கத்தினான். அதற்குள் ஏழெட்டுப் பேர் வெளியே ஓடிவிட்டார்கள். வேப்பமரத்தடியில் யாரோ ஒரு மீன்காரரின் பழைய சைக்கிள். சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்து விரலால் கம்பிகளைத் தொட்டு எண்ணும் சத்தம் கேட்டது. நானும் எழுந்து போனேன்.

‘முப்பத்தொன்பதுதான் சார் இருக்குது. நீங்க தப்பு!’

குனிந்து பார்த்தேன். ‘ஒரு கம்பி உடைஞ்சிருக்குடா’ என்றேன்.